பிள்ளையாராகிப் போன என் மண்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணி மாதம், நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது இது. அப்போது நான் மெட்ராஸில் ஜியாலஜி எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். காரைக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த எங்கள் அத்தா, அதாவது அப்பா, நாலு பேர் நாலு விதமாகப் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் படிக்க அனுப்பியிருந்தார். "பாறை ஒடைக்கவா பொம்பளப் புள்ளைய அனுப்புறீக?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, அது கையில சுத்தியல் இருக்கு, பாத்துப் பேசுங்க" என்பார்.

அந்த வருஷம் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு நடப்பதாக இருந்தது. பருவநிலை மாற்றம் என்ற பேச்சு இன்று டீக்கடையில்கூட அடிபடுகிறது. அன்றைக்கு அது விஞ்ஞானிகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்ட சமாசாரம். முன்னொரு காலத்தில் எப்போது மழை கொட்டியது, எப்போது பொய்த்தது என்பதை மண்ணையும் பாறையையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள். மாணவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் பேச இடம். அதை எங்கள் பேராசிரியர் எனக்குக் கொடுத்தார்.

உடனே துறையில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. வெயிலில் நின்று குழி வெட்டுகிற வேலை பெண்களுக்கு ஒத்துவராது, கடைசி நேரத்தில் வெறுங்கையோடு வந்து நிற்கப்போகிறாள் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், எங்கள் ஊர்க் கண்மாயையே பெயர்த்துக்கொண்டு வந்து அவர் மேஜையில் கொட்ட வேண்டும் போலிருந்தது.

என் ஆராய்ச்சியும் கண்மாயைப் பற்றியதுதான். மழைத் தண்ணீரோடு வருகிற வண்டல் வருஷா வருஷம் கண்மாய்க்குள் படியும். பெருமழை பெய்த வருஷத்தில் மணல் வந்து விழும். சுமாரான வருஷத்தில் வழவழவென்று களிமண் படியும். மழை பொய்த்த வருஷத்தில் அந்தக் களிமண் வெடித்து இறுகிவிடும். ஒரு குழி வெட்டி, இந்த அடுக்குகளை மேலிருந்து கீழாக வரிசை மாறாமல் எடுத்துப் பார்த்தால், பழைய மழையின் கதை ஓரளவு கிடைத்துவிடும். வரிசை கலைந்துவிட்டால் அது வெறும் மண்தான்.

அத்தாவின் கடையில் வழக்கமாகத் துணி எடுக்கும் விவசாயி ஒருவர் அந்தக் கிராமத்தில் இருந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் எனக்கு மாமா, அவர் மனைவி அத்தை. மழை இல்லாமல் அந்த வருஷம் கண்மாய் பொட்டலாகக் கிடந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. மாமாவே கூட நின்று குழி வெட்டிக் கொடுத்தார். எடுத்த மண்ணை வெயில் படாமல் உலர்த்த வேண்டும். அவர்கள் வீட்டுப் பின்கட்டில், சாய்வாக இறக்கிய கூரைச் சாய்ப்புக்குக் கீழே, அடுக்கு அடுக்காகக் காகிதத்தில் பரப்பி, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டை வைத்தேன். அத்தை அப்போது பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். "நீ கவலப்படாமப் போ தாயி. ஒரு கோழிகூட அங்குட்டுப் போகாமப் பாத்துக்கிறேன்" என்று மாமா தைரியம் சொல்லி அனுப்பினார்.

கோழி போகவில்லைதான். பிள்ளையார் போய்விட்டார்!

மண்ணை எடுத்து வர நான் மறுபடி போன நாள் பிள்ளையார் சதுர்த்தி. மறுநாள் காலை எனக்கு மெட்ராஸுக்கு ரயில். ஆய்வுக்கூடத்தில் எனக்கென்று ஒதுக்கியிருந்த நாட்கள் அதற்கடுத்த நாளே தொடங்கின. வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். நடுவீட்டில் பலகைமேல் குன்றிமணிக் கண்ணும் எருக்க மாலையுமாகப் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். தும்பிக்கையின் வளைவு அவ்வளவு வழவழப்பு.

"பிள்ளையாரு ரொம்ப அழகா இருக்காரு அத்தை. நீங்களா செஞ்சீக?" என்றேன்.

"பின்ன? இந்த வருசம் மண்ணு அப்பிடி வாய்ச்சிருச்சு தாயி. ஒங்க மாமா கல்லு, தூசி இல்லாமக் கொண்டாந்து, பின்கட்டுல காகிதம் போட்டுப் பரப்பியில்ல வச்சிருந்தாக!"

பின்கட்டுக்கு ஓடினேன். காகிதங்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சீட்டுகளை அத்தை பத்திரமாக நூலால் கட்டி ஆணியில் மாட்டியிருந்தார். மண்ணைத்தான் காணோம்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு சதுர்த்திக்கும் மாமா கண்மாயிலிருந்து களிமண் எடுத்து வந்து அதே சாய்ப்புக்குக் கீழேதான் போட்டு வைப்பாராம். முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்த அத்தை, அது பிள்ளையாருக்கு வந்த மண் என்றே நினைத்துவிட்டார். சீட்டு எதற்கு என்று கேட்கலாமென்றால், மாமா திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போய்விட்டு அன்று காலையில்தான் வந்திருக்கிறார். அத்தனை அடுக்கும் ஒன்றாகப் பிசைந்து, தொந்தியும் துதிக்கையுமாக என் முன்னால் உட்கார்ந்திருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடைசியில் அழுகைதான் ஜெயித்தது.

அத்தை பதறிப்போனார். என்ன நினைத்தாரோ, விறுவிறுவென்று எருக்க மாலையைக் கழற்றப் போனார். "இன்னும் பூசை பண்ணல தாயி, இவர எடுத்துக்கிட்டுப் போ. நாங்க மஞ்சள்ல ஒருத்தரப் பிடிச்சு வச்சுக்கிறோம். அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். அடுக்குக் கலைந்த மண்ணால் எனக்குப் பயனில்லை, வேறு குழி வெட்டினால்தான் உண்டு என்று சொன்னேன்.

மாமா கடப்பாரையையும் மம்பட்டியையும் தோளில் போட்டுக்கொண்டார். வாசலுக்கு வந்து மேற்கே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். திருப்பத்தூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த ஊரில் எல்லோரும் அப்போதுதான் புழுதியில் விதைத்துவிட்டு ஒரு மழைக்காக ஏங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாகச் சரியான விளைச்சல் இல்லை. இந்த முறையும் விதை முளைக்காமல் போனால் மறுபடி வாங்கி விதைக்கவும் வழியில்லை. அத்தை அந்த வருஷம் பிள்ளையாரிடம் வைக்கவிருந்த ஒரே வேண்டுதலும் மழைதான்.

மழை வந்தால் கண்மாய் சேறாகிவிடும். குழி வெட்ட முடியாது.

அத்தை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க போயிட்டு வாங்க. நீங்க வார வரைக்கும் நான் பூசை பண்ணல" என்றார்.

"எதுக்கு அத்தை? எங்களுக்காக ஏன் காத்திருக்கீக?"

"நான் கேட்டவொடனே குடுத்துட்டாருன்னா? ஒங் குழி நெறைஞ்சு போகுமே!"

நான் படித்த படிப்புக்கு அதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். அத்தையின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பவர். உள்ளே கொழுக்கட்டை வெந்து இறங்கியிருந்தது. பக்கத்து வீடுகளில் மணியடித்துச் சூடம் காட்டி முடித்துவிட்டார்கள்.

பழைய குழிக்குப் பக்கத்திலேயே மாமா வெட்ட ஆரம்பித்தார். இறுகிப் போன மண்ணில் கடப்பாரை குத்திக் குத்தித் தெறித்தது. நான் குழிக்குள் இறங்கி, கத்தியால் அடுக்கடுக்காகச் சீவி எடுத்தேன். உலர்த்தி எடுக்க நேரமில்லை என்பதால் அத்தை தன் கல்யாணத்துக்கு வந்த உயரமான டிபன் கேரியர்களைக் கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தார். மேலடுக்கு மண் மேல் கிண்ணத்தில், அடியடுக்கு மண் அடிக் கிண்ணத்தில் என்று வரிசை பிசகாமல் போட்டுக்கொண்டே வந்தேன்.

பாதி வேலையில் இடி இடித்தது. குளிர்ந்த காற்று ஒன்று வந்து முகத்தில் மோதியது. மாமா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து மேகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்கவே முடியவில்லை. பசியோடு இருப்பவர் அடுத்தவர் இலையில் சோறு விழுவதைப் பார்ப்பது போல இருந்தது.

"மாமா, போதும். விட்டுருங்க. மழை வரட்டும்" என்றேன்.

"வந்தா வரட்டும். நீ மண்ண அள்ளு தாயி" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

கடைசிக் கிண்ணத்தை மூடி நாங்கள் கரையேறும்போது காற்று திசை மாறியிருந்தது. மேகம் பிரிந்து பிரிந்து எங்கள் தலைக்கு மேலேயே கிழக்கே போய்விட்டது. ஒரு சொட்டுகூட விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை என் கையிலிருந்த டிபன் கேரியர்களைத்தான் முதலில் பார்த்தார். பிறகு விளக்கேற்றிச் சூடம் காட்டி, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது போலப் பிள்ளையாரிடம் சொன்னார்: "புள்ள மண்ண எடுத்துருச்சு அய்யா. இனிமே நீங்க எப்ப வேணும்னாலும் குடுங்க."

நான் சுவரோரமாக உட்கார்ந்து கொழுக்கட்டை தின்றேன்.

மறுநாள் ரயிலில் எதிரே இருந்த அம்மாள், அத்தனை கேரியர்களில் என்ன சாப்பாடு என்று விசாரித்தார். மண் என்றதும் அவர் மெட்ராஸ் வரை என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. கருத்தரங்கு நல்லபடியாக முடிந்தது. இது இரண்டாவது குழியின் மண் என்று நான் சொன்னதும், முதலில் எடுத்த மண் என்ன ஆயிற்று என்று பேராசிரியர் சபையிலேயே கேட்டார். பிள்ளையாராகிவிட்டது என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். வெறுங்கையோடு வருவேன் என்று சொன்னவர் தானாக வந்து, அந்த அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தினமும் பேப்பரில் எங்கள் பக்கம் மழை உண்டா என்று தேடுவேன். புரட்டாசி முழுக்க ஒன்றும் இல்லை. ஐப்பசியில்தான் பிடித்துக்கொண்டு பெய்தது. தீபாவளி கழித்து, வாங்கிப் போன டிபன் கேரியர்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தாமதமாக முளைத்த பயிர் சில வயல்களில் பச்சை கட்டியிருந்தது. சில வயல்களில் முளைக்கவே இல்லை. மாமாவின் வயலிலும் பாதி அப்படித்தான் கிடந்தது. அன்றைக்கே மழை விழுந்திருந்தால் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப் போய், ததும்பிக் கிடந்த கண்மாயைக் காட்டினார். "ஒங் குழி எங்குட்டு இருக்குன்னே தெரியல, பாத்தியா?" என்று சிரித்தார்.

அந்த மேகம் ஏன் கலைந்தது என்று எனக்குத் தெரியும். காற்றையும் அழுத்தத்தையும் வைத்து என் மாணவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். பூஜை நேரத்துக்கு நடந்திருந்தாலும் அன்று மழை பெய்திருக்காது. ஆனால் அத்தைக்கு அப்படி இல்லை. கேட்டால் உடனே கிடைக்கும் என்று முழுசாக நம்பிய மழையை, விதை புழுதியில் காய்ந்துகொண்டிருந்தபோது, யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகளின் படிப்புக்காக அவர் கேட்காமல் இருந்தார். இன்றைக்கும் மழையைப் பற்றிப் பேச மேடை ஏறும்போதெல்லாம், அத்தை அரை நாள் எனக்காகக் கேட்காமல் வைத்த அந்த மழைக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.