ஒற்றைக் கண்ணாடி சிக்னல்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். வீட்டுக்கு வந்துவிட்டால் ரயில்வே அமைச்சர். காலையில் பல் தேய்க்கும் முன்பே, ஓடுகிற ரயில்களைப் புள்ளிகளாகக் காட்டும் ஒரு இணையதளத்தைத் திறந்துவிடுவார். பச்சைப் புள்ளி நேரத்துக்கு ஓடுகிறது, சிவப்புப் புள்ளி தாமதம். பார்த்தாலே தெரியும். இவர் மட்டும் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு, எத்தனை நிமிடம் தாமதம் என்று படிப்பார். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். தக்காளி வாங்க அவரை அனுப்பிவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ரயில் ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை. இருபத்திரண்டு வயதில் எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவரை, கண் பரிசோதனையில் பத்தே நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் ரயில் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். இவர் கறுப்பு வெள்ளையில் பிழைப்பைத் தேடிக்கொண்டு, ரயிலை மட்டும் விடவேயில்லை.

நிலைய வரைபடங்களுக்கென்று ஒரு தளம் உண்டு. தண்டவாளம் எங்கே பிரிகிறது, சிக்னல் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் கோடுகோடாக இருக்கும். பிள்ளைகளின் பிறந்தநாளை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற மனுஷன், பார்த்தேயிராத நிலையத்தின் பதினான்கு சிக்னல்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்.

அவருக்கு உயிரென்றால் இன்னொன்று. ரயில் பைத்தியங்கள் கூடும் ஒரு இணைய மன்றம். சிக்னல் படத்தைப் போட்டு, "இது என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். கம்பத்தில் எத்தனையாவது விளக்கு எரிகிறது என்று பார்த்து இவர் பதில் போடுவார். எந்த நாட்டில் எந்த நிறம் மேலே, எது கீழே என்பதெல்லாம் மனப்பாடம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு பிழை கிடையாது. "சிக்னல் சார்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். கண் விஷயம் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

போன மாதம் மன்றத்தை நடத்துபவர், ரயில் ஓட்டுநர் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக இருநூறு சிக்னல் படங்கள் தொகுத்திருப்பதாக எழுதினார். "ஒவ்வொண்ணுக்கும் நீங்க பார்த்து பதில் போட்டாப் போதும் சார்." மூன்று நாள் இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசிப் படத்தில் நின்றுவிட்டார். ஒரே கண்ணாடி உள்ள சிக்னல் அது. எல்லா நிறமும் அந்த ஒன்றிலேயே மாறிமாறி வருமாம். மேலே, கீழே என்று பார்க்க வழியில்லை.

கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். "சிவப்புங்க. போட்டுட்டு சாப்பிட வாங்க."

"நான் பார்க்கலையே."

"நான் பார்த்தேனே! யாருக்குத் தெரியப்போகுது?"

"இதைப் படிக்கிறவன் நாளைக்கு ரயில் ஓட்டுவான். நான் பார்த்துச் சொன்னேன்னு நம்புவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உண்மையைச் சொன்னா இனிமே ஒருத்தன் உங்களைக் கேட்கமாட்டான். அன்னைக்கு மாதிரியே வெளியே அனுப்பிடுவாங்க!"

"அனுப்பட்டும்," என்றார். நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் எழுதி அனுப்பினார்: 'எனக்கு நிறம் சரியாகத் தெரியாது. அதனால்தான் ரயில்வே கண் பரிசோதனையில் வெளியே வந்தேன். இதுவரை விளக்கின் இடத்தை வைத்தே சொன்னேன். இருநூறையும் நல்ல கண் உள்ள ஒருவர் பார்த்துவிடட்டும்.' பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மன்றத்துக்காரரே போன் செய்தார். "சார், நானும் அதே கண் பரிசோதனையில வெளியே வந்தவன்தான். இத்தனை வருஷமா நீங்க சொன்ன கலரை நம்பித்தானே மன்றத்தையே நடத்துறேன்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ யாருதான் பார்க்கிறது?" என்று போனில் குரல் கேட்டது. இவர் என்னைப் பார்த்தார்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க மலைத்துப்போனேன். இவர் பதில் போட்ட நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அது சிவப்பு இல்லை. மஞ்சள்.