மூஞ்சியைப் பார்த்தே சொன்ன கம்பவுண்டர்

"பட்டாளத்துல பத்தாயிரம் பேரைப் பார்த்தவன் வே நான். மேகநோய் இருக்கா இல்லையான்னு மூஞ்சியைப் பார்த்தே சொல்லிருவேன். ரத்தம் எடுத்துப் பாக்கதெல்லாம் கண்ணு இல்லாதவனுக்கு."

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்கு எதிர்த்த டீக்கடையில் ஞானஒளிவு இப்படி அறிவித்தது 1977இல். மறுத்துப் பேச அங்கே யாருக்கும் தகுதியில்லை. ராணுவ மருத்துவப் பிரிவில் பதினெட்டு வருஷம் இருந்து அவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவர். பட்டாளத்தில், மேகநோய் என்கிற பால்வினை நோய்க்காகச் சிப்பாய்களைத் துணி களைய வைத்து வரிசையாக நிறுத்திச் சோதிக்கும் பொறுப்பு அவருடையது. தேசத்தைக் காக்க வந்தவர்கள் நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை மட்டும் கூரையில் வைத்து நிற்பார்களாம். நோயை மறைத்தால் தண்டனை; சொன்னால் கேலி. பெரும்பாலோர் தண்டனையையே தேர்ந்தெடுத்தார்கள். வீரத்தில் அப்படியும் ஒரு வகை உண்டு.

தம் கண்ணின் ஆற்றலை நிரூபிக்க, கடையில் நின்ற காளிராஜைக் கைகாட்டினார் ஞானஒளிவு அண்ணாச்சி. கரிவலம்வந்தநல்லூர்க்காரன், லீவில் வந்த சிப்பாய். "இவனைப் பாருங்க. கழுவித் தொடச்ச மூஞ்சி. ஒரு நோயும் கெடையாது." காளிராஜ் மீசையைத் தடவிக்கொண்டான். அந்த மருத்துவப் பரிசோதனை டீ ஆறுவதற்குள் முடிந்தது.

மறு வருஷம் காளிராஜின் மனைவி பேச்சி அவரைத் தேடி கிளினிக்குக்கு வந்தாள். நாலு மாதக் கர்ப்பிணி. முந்தைய இரண்டு பிள்ளைகளும் இறந்தே பிறந்திருந்தன. இந்தத் தடவை திருநெல்வேலியில் லேடி டாக்டர் அவள் ரத்தத்தைச் சோதித்து, மேகநோய் என்று கண்டு, ஊசியைத் தொடங்கியிருந்தார். புருஷனும் ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் நோய் திரும்ப ஒட்டும், இந்தப் பிள்ளையும் தங்காது என்று சொல்லியிருந்தார்.

"வரமாட்டேங்காரு அண்ணாச்சி. 'எனக்கு ஒண்ணுமில்லன்னு ஞானஒளிவு ஊரறியச் சொன்னாருல்லா. அப்ப உனக்கு எங்கேருந்துட்டி வந்துச்சு'ன்னு கேக்காரு. நாளைக்கு எங்கம்மா வீட்டுல கொண்டு விடப் போறாராம்."

ஊசி கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தையே அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் அவர் பேச்சை எவரும் பொருட்படுத்தியதில்லை. இங்கே ஒரு டீக்கடைப் பேச்சு, ஒரு பெண்ணுக்கு எதிராகச் சாட்சியமாக உயர்ந்துவிட்டது.

அன்று மத்தியானமே சைக்கிளில் கரிவலம் போனார். மறுபடியும் லீவில் வந்திருந்த காளிராஜ் வாசலில் கட்டிலில் இருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க, எனக்கு நோய் இருக்கா?"

"ஏலே, பட்டாளத்துல இருக்கையில அந்த மாதிரிப் பொம்பளைகிட்ட எங்கேயும் போனியா?"

அவன் உள்ளே ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கல்யாணத்துக்கு முந்தி ஒருதடவை. ஒரு புண்ணு வந்துச்சு. மருந்தில்லாமலே ஆறிப்போச்சு."

"புண்ணுதாம்லே ஆறும். நோய் ரத்தத்துல கெடக்கும்."

"அப்ப உங்க கண்ணுக்கு ஏன் தெரியல? பத்தாயிரம் பேரைப் பார்த்த கண்ணு." கேலிதான். ஆனால் அதற்குள் ஒரு கெஞ்சலும் இருந்தது.

அண்ணாச்சி கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் மூஞ்சியை நல்லாப் பாரு மக்கா. என்ன தெரியுது?"

காளிராஜ் பார்த்தான். "ஒண்ணும் தெரியலையே."

"அறுபத்தி நாலுல எனக்கு இருந்துச்சு. எல்லாரையும் வரிசையில நிறுத்திச் சோதிச்சவன் நான். தெனமும் கண்ணாடியில பார்த்துதான் சவரம் பண்ணுனேன். லீவுல வந்து எம்பொண்டாட்டி கனகமணிக்கும் கொடுத்தேன். அவ வயித்துப் பிள்ளை போனபொறவு, ரத்தம் எடுத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

 காளிராஜ் பேச்சியைக் கூப்பிட்டு, காலையில் திருநெல்வேலிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.