மாரித்தாய் மேட்டுக் கொசு

சாந்தன்பாறை ஏலக்காட்டில் 'கொசுப் பாண்டி' வீடு எதுவென்று கேட்டால் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள்கூட வழி காட்டும். வேட்டியைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு மரப்பொந்துகளின் அருகே கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருப்பான் கருத்தப்பாண்டி. வெறுங்காலில் கொசு வந்து அமர்ந்ததும், கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சி அதை உள்ளே இழுத்துவிடுவான்.

"ரத்தத்தக் குடுத்துச் சம்பளம் வாங்குத ஒரே ஆளு நீதாம்லே!" என்று பக்கத்து வீட்டுச் சங்கையா கேலி செய்வான்.

பாண்டி சிரிக்க மாட்டான். எழுபத்தொன்றாம் வருட மழையில் அவனுடைய ஒரே மகள், எட்டு வயது மாரித்தாய், மூன்றே நாள் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள். என்ன காய்ச்சல் என்று எந்த டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதம், பூச்சி ஆராயும் அதிகாரி கபிரியேல் கொசு பிடிக்க ஆள் தேடி வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றான்.

"எம் புள்ளையக் கொன்னது எதுன்னு எங்கண்ணால பாக்கணும் சார்."

பிடித்த கொசுவை ஊசியில் குத்தி, கிடைத்த இடத்தைச் சீட்டில் எழுதி வைப்பது கபிரியேலின் வழக்கம். ஒருநாள் பாண்டி கொண்டுவந்த கொசுவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர் அசந்துபோனார். அப்படி ஒரு கொசு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"எங்கே பிடிச்சே?"

"மாரித்தாய் மேட்டுல சார்."

மகளைப் புதைத்த சரிவுக்கு லயத்து ஜனங்கள் வைத்த பெயர் அது. கபிரியேல் எழுதிக்கொண்டார்.

மூன்று வருடம் கழித்து, அச்சடித்த புத்தகத்தோடு ஓடிவந்தார்.

"பாண்டி! உன் பிள்ளையைக் கொன்ன காய்ச்சலைப் பரப்புறது இந்தக் கொசுதான். நிரூபிச்சாச்சு! உலகத்துக்கே புதுசு. கிடைச்ச மேட்டோட பேரையே வச்சிட்டேன், மாரித்தாயென்சிஸ்!"

பாண்டியின் கையிலிருந்த குழாய் விழுந்து நொறுங்கியது.

"சார்... அது எம் மகளோட பேரு சார்."

கபிரியேல் புத்தகத்தை மூடினார். "ஏதோ அம்மன் பேருன்னு நினைச்சேனே, பாண்டி!"

"மாத்திப்புடுங்க சார். ஒங்க கால்ல விழுறேன்."

"அச்சாகிடுச்சேப்பா. ஒருதடவை வச்சிட்டா, வச்ச நானே நினைச்சாலும் மாத்த முடியாது."

பெற்றவனே தன் வாயால் எடுத்துக் கொடுத்த பெயரல்லவா? அன்றோடு பாண்டி குழாயைத் தொடவில்லை.

அடுத்த வாரம் மருந்தடிக்கும் ஆட்கள் லயத்துக்கு வந்தார்கள். கொசுவின் அந்த நீளப் பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் வெறும் 'மாரித்தாய்' ஆகிவிட்டது. ஒருவன் பாண்டியின் கதவைத் தட்டி, வேடிக்கையாகக் கேட்டான்:

"உள்ள மாரித்தாய் இருக்காளா?"

கதவைத் திறந்தாள் பாண்டியின் மனைவி அழகுத்தாய். ஒன்றும் அறியாத அவன் முகத்தையே பார்த்தாள்.

"இல்லய்யா," என்றாள். "அவ போயி மூணு வருசமாச்சு."