அண்ணை அனுப்பின பிரிட்ஜ்

கனடாவில் அண்ணை முதன்முதல் உழைத்து அனுப்பிய காசில் வாங்கிய பிரிட்ஜ், பழுதாகிக் கம்ப்ரசரைக் கழற்றிய பிறகும் எங்கள் விறாந்தையிலேயே நின்றது. வருகிற சனம் காணட்டும் என்று அம்மா அதைத் தினமும் துடைத்தார். எனக்கோ அந்த இடத்தில் கணினி மேசை போட அவசரம். பழைய இரும்பு எடுப்பவரை வண்டியோடு கூட்டிவந்தேன்.

"தம்பி, உந்த வெறும் பெட்டியை ஏத்த நீங்கள்தான் எனக்குக் காசு தரவேணும்," என்று சிரித்தார்.

அம்மாவின் கவலை வேறு. "கொண்ணையைக் கேக்காமல் குடுக்கேலாது. ஒருக்கா எடு."

அண்ணைக்குப் போன் எடுத்தேன். அம்மா விஷயத்தைச் சொன்னார்.

"எந்தப் பிரிட்ஜ் அம்மா? வேலையிலை நிக்கிறன், பிறகு கதைக்கிறன்," என்று அண்ணை வைத்துவிட்டார்.

சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய்க்கும் பேரம் பேசுகிற அம்மா, வண்டிக்காரர் கேட்ட கூலியை அப்படியே நீட்டினார்.

"கெதியாய் ஏத்துங்கோ."