எண்ணெய்த் தாங்கி இருந்த கட்டம்

எழுபதுகளில் நான் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரர் போகும்போது எனக்கொரு பலகை விளையாட்டைத் தந்துவிட்டுப் போனார். பழைய யுத்தங்களின் விமானச் சண்டைகளைத் தாயக்கட்டை உருட்டி மறுபடி நடத்தும் விளையாட்டு அது. ஞாயிறு மத்தியானங்களில் கிண்ணியாவிலிருந்து படகேறி, என் நண்பன் ஜமால்தீன் லிங்கநகரில் இருந்த என் வீட்டுக்கு வருவான். ஜன்னலால் வரும் கடற்காற்றில் அட்டை விமானங்கள் மெல்ல நடுங்கும். நாங்கள் மேகங்களுக்கு மேலே எங்கோ மிதந்துகொண்டிருப்போம்.

ஒருநாள் அவனை வியக்கவைக்க நினைத்து, எங்கள் துறைமுகத்தையே வரைபடமாகக் கீறி வைத்தேன். உலக யுத்தத்தில் ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்ட காலைதான் அன்றைய ஆட்டம். நான் ஜப்பான் பக்கம், அவன் காவல் பக்கம். என் குண்டு எண்ணெய் சேமித்து வைக்கும் தாங்கியில் விழுந்ததும் கைதட்டிக் கூவினேன்.

ஜமால்தீன் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தான்.

“எங்கட வாப்பா இதிலதான் வேலைக்கு நிண்டவர் மச்சான். திரும்பி வரல்ல.”

அவன் தகப்பன் மாண்ட குண்டுவீச்சுக்கா கைதட்டினேன்! பலகையை மடிக்கப் போனேன். அவன் விடவில்லை.

“வை. இந்த விளையாட்டில நடந்ததை மாத்தலாம் எண்டுதான் ஒவ்வொரு கிழமையும் நான் வாறனான். ஆனா விட்டுத் தராத.”

நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு முறை தோற்றான். மூன்றாம் முறை, பொழுது சாயும் நேரம், அவனுடைய விமானங்கள் என்னுடையவற்றைக் கடலுக்கு மேலேயே மறித்துவிட்டன.

“இப்ப வாப்பா வேலை முடிஞ்சு வீட்ட வருவார்,” என்றான் மெதுவாக.

கடைசிப் படகுக்கு அவனுடன் நடந்தேன். வெல்வதற்காகத்தான் மனிதர் விளையாடுகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தவன் நான்.