குறடு இல்லாத குழி

கரடியனாற்றில் மருந்தகமாக நடக்கும் ஓலைக் கொட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய சாமான்களை வாங்கிக் கொழும்பில் விற்பவன் நான். வெள்ளைக்காரப் பட்டாளத்து வைத்தியரின் பெட்டி ஒன்று இங்கே இருப்பதாக வாழைச்சேனையில் கேள்விப்பட்டு, இரண்டு சோதனைச் சாவடி தாண்டிச் சைக்கிளில் வந்திருக்கிறேன்.

பெட்டி இருப்பது உண்மைதான். மூலைகளில் பித்தளை, உள்ளே சிவப்பு வெல்வெட், ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவிலேயே ஒரு குழி. எலும்பறுக்கும் வாளில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் உடைமை என்று காட்டும் அம்புக்குறி. ஆனால் கத்திகளுக்குப் பிடி இல்லை. கருங்காலிப் பிடி இருந்தால்தான் விலை.

"பிடியெல்லாம் எங்க, மிஸ்ஸி?"

"கிருமி சாக அவிச்சா மரம் வெடிக்குது. கழட்டி எறிஞ்சிட்டன். இப்ப துணி சுத்திப் பிடிக்கிறன்," என்கிறார் தாதி.

மர வாங்கில் படுத்திருக்கும் வயற்காரர் சிரிக்கிறார். காலையில் விழுந்த ஷெல்லின் துண்டு அவர் கெண்டைக்காலுக்குள் இருக்கிறது.

"பெட்டி வாங்க வந்தவரோ? என்ட காலையும் சேத்துக் குடுங்க மிஸ்ஸி."

ஒரு குழி மட்டும் வெறுமையாக இருக்கிறது. வளைவைப் பார்த்தால் குண்டு எடுக்கும் குறடு.

"இது துலைஞ்சு போச்சா?"

"இல்ல, அடுப்பில அவியுது."

கொதிநீரிலிருந்து குறட்டை எடுக்கிறார். அதிலும் அதே அம்புக்குறி. வலி தெரியாமலிருக்கப் போடும் விறைப்பு ஊசி இங்கே தீர்ந்து மாதக்கணக்காகிறது.

"பாத்துக்கொண்டு நிக்காம காலை அமத்திப் பிடிங்க."

பெட்டியை மூடிவிட்டு இரண்டு கையாலும் பிடிக்கிறேன். வயற்காரர் சால்வையைக் கடித்துக்கொள்கிறார். மூன்றாவது இழுப்பில் துண்டு தட்டில் விழுகிறது. மிஸ்ஸி குறட்டைக் கழுவி, மறுபடியும் பானைக்குள் போடுகிறார்.