வாய் நிறைய ஆணி

வாயில் ஒரு பிடி குட்டி ஆணிகளைப் போட்டுக்கொண்டுதான் குஷன்காரர் ஆட்களை வரவேற்பார். "ம்ம்" என்றால் வாருங்கள். "ம்ம்ம்ம்" என்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள், பசை இன்னும் காயவில்லை. நாக்கால் ஓர் ஆணியை உதட்டு ஓரத்துக்குத் தள்ளுவார், காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ளும், ஒரே தட்டு. இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும். ஒரு வரிசை முடியும்வரை வாயைத் திறக்கமாட்டார். நடுவில் பிடியை விட்டால் துணி தளர்ந்துவிடும், அப்புறம் வரிசை முழுவதையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. போன் அடிக்கும், வாடிக்கையாளர் வாசலில் நின்று செருமுவார், மனைவி சாப்பிடக் கூப்பிடுவார். எல்லோருக்கும் "ம்ம்"தான். மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று சேதி வந்தபோதுகூட வரிசையை முடித்துவிட்டுத்தான் ஆணிகளைத் துப்பினார். மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே முன்னறை பட்டறை, பின்னால் வீடு. நடுவில் கதவு என்று ஒன்று உண்டு. அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அதனால் ஊரார் சோபாக்களும் இவர் வீட்டு நாற்காலிகளும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஒருநாள் மதியம் ஒரு சோபாவில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த குஷன்காரரை, அந்தச் சோபாவுக்குச் சொந்தக்காரரே வந்து எழுப்பும்படி ஆயிற்று. "தாங்குதான்னு பாத்துக்கிட்டிருந்தேங்க" என்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டே. அசடு வழியவெல்லாம் இல்லை.

தொழிலில் மகா கறார். மேல் துணியை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொல்லிவிட்டால் வந்தது வினை. "துணிய மட்டும் மாத்துனா அழுக்கு உள்ள உக்காந்துக்கிட்டு நம்மளப் பாத்துச் சிரிக்கும். தொறந்து பாத்துட்டுத்தான் மூடுவேன். இஷ்டம்னா குடுங்க" என்பார். இன்னொரு விசேஷம், மனிதருக்கு மூக்கு வேலை செய்யாது. பார்க்க எடுப்பான மூக்குதான். வருஷக் கணக்கில் பசை வாடையில் கிடந்து எப்போதோ மரத்துப் போய்விட்டது. பக்கத்து அடுப்பில் பால் தீய்ந்தாலும் அவருக்குத் தெரியாது. அந்த வீட்டுக்கே சேர்த்து மூக்காக இருப்பவர் அவர் மனைவி. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறார். துவைத்து மடித்து வந்த போர்வையை ஒருதரம் முகர்ந்துவிட்டு "இன்னொரு தடவ போடு" என்று திருப்பி அனுப்புகிறவர்.

இந்த வீட்டில்தான் பஞ்சு வந்து சேர்ந்தான். யாரோ சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் போட்டுவிட்டுப் போன கிழிந்த சோபாவின் வயிற்றுக்குள் சுருண்டு படுத்திருந்த நாய்க்குட்டி. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு. குட்டியாக இருந்தவரை தங்கமான பிள்ளை. ஒரு வயதை நெருங்கியதும் குரல் மாறியது, நடை மாறியது, எதைக் கண்டாலும் பின்னங்கால் தானாக மேலே போயிற்று. பட்டறைக்கு வரும் ஒவ்வொரு சோபாவும் ஏதோ ஒரு வீட்டு நாயின் வாடையையோ பூனையின் வாடையையோ சுமந்துகொண்டுதானே வரும்? பஞ்சு அதை ஒரு சுற்று சுற்றி, முகர்ந்து பார்த்து, மூலையில் நாலு சொட்டு விட்டு, இனி இது என்னுடையது என்று பதிவு செய்துவிடுவான். பழுது பார்க்க நான் கொடுத்திருந்த சாய்வு நாற்காலியின் காலிலும் பதிவு ஆயிற்று. எனக்கு வந்ததே கோபம்!

பயலின் கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா? குஷன்காரர் வாயில் ஆணி இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் காலைத் தூக்குவான். அவரால் திட்டவும் முடியாது, எழுந்து துரத்தவும் முடியாது. "ம்ம்ம்! ம்ம்ம்ம்!" என்று கண்ணை உருட்டுவார். பஞ்சு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் காரியத்தை முடித்துவிட்டுப் போவான்.

மனைவி முதலில் பினாயில் ஊற்றிக் கழுவினார். பிறகு கத்தினார். பிறகு மாடிப்படியில் நின்று என்னிடம் முறையிட்டார். "நாயக் குளிப்பாட்டி நடுவீட்ல வெச்சாலும் வாலக் கொழச்சிக்கிட்டு வாசலுக்குத்தான் ஓடும்னு சொல்வாங்க. இது அந்த வாசலுக்குக்கூட ஓட மாட்டேங்குதே!" கடைசியில், வேலைவிட்டு வந்ததும் அவர் கால் நீட்டி உட்காரும் சொந்த நாற்காலியிலேயே பஞ்சு கைவரிசையைக் காட்டினான். அன்று தீர்ப்பு வந்துவிட்டது. மகள் குழந்தையோடு வந்து தங்கப் போகிறாள். "பேத்தி தவழ ஆரம்பிச்சிருக்கா. அவ தவழற தரையில இது காலத் தூக்கிட்டு நிக்கக் கூடாது. அவங்க வர்றதுக்குள்ள திருந்தலன்னா என் தம்பியோட மரக்கிடங்குக்கு அனுப்பிடுங்க. காவலுக்கு நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

மச்சான் கிடங்கில் நாய்க்கு என்ன இருக்கிறது? சங்கிலி, தகரக் கூரை, சாயங்காலத்துக்கு மேல் ஈ காக்கை இல்லாத முற்றம். குஷன்காரர் அன்று ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. "அவன் என் காலடியில படுத்தாத்தான் சார் எனக்குக் கையே ஓடும். அங்க அவன் கட்டிக் கெடக்கிறப்ப நான் இங்க எப்படி உக்காந்து வேல பாப்பேன்?" என்று கேட்டார். எனக்கும் மனசு என்னவோ போலாகிவிட்டது. என் நாற்காலிக் கால் விஷயத்தை அந்த நிமிஷமே மறந்துவிட்டேன்.

நாங்கள் மூவரும் பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். "நோய் நொடி ஒண்ணும் இல்ல. வயசு. இடம் புடிக்கிறான். குடும்பக் கட்டுப்பாடு பண்ணிடலாம்."

குஷன்காரருக்கு முகம் வெளிறியது. "அவன ஒரு வார்த்த கேக்காம எப்படிங்க..."

"சோபாவ நனைச்சப்ப அவன் உங்கள ஒரு வார்த்த கேட்டானா?" என்றார் மனைவி.

டாக்டரம்மா இன்னும் சொன்னார். "அத பண்ணிட்டா மட்டும் உடனே நின்னுடாது, பழக்கம் கொஞ்ச நாள் இருக்கும். கண்ணு முன்னாடியே வெச்சுக்குங்க, அடிக்கடி வெளிய கூட்டிட்டுப் போங்க. திட்டாதீங்க. திட்டுனா ஒளிஞ்சு நின்னு போவான். வெளிய போனான்னா அந்த நொடியே கொஞ்சுங்க, தாமதிச்சா எதுக்குக் கொஞ்சறீங்கன்னே அவனுக்குப் புரியாது. பினாயில் வாடைய மூடுமே தவிர எடுக்காது. மூத்திர வாடையவே தின்னுடற மருந்துத் தண்ணி தர்றேன், நல்லா ஊற வெச்சுத் தொடைங்க."

அறுவைச் சிகிச்சை முடிந்ததும், காயத்தை நக்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் மாட்ட பிளாஸ்டிக் கூம்பு ஒன்று கொடுத்தார்கள். குஷன்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பல் டாக்டரின் சோபாவில் மிஞ்சிய மெரூன் ரெக்ஸினையும் மெத்தென்ற ஸ்பாஞ்சையும் வைத்துத் தாமே ஒன்று தைத்து மாட்டினார். காயம் ஆறும்வரை பஞ்சு ராஜ உடுப்புப் போட்ட நாடக நடிகனைப் போல உலவினான். பிறகு கயிறு வந்தது. ஒரு முனை பஞ்சுவின் கழுத்துப்பட்டையில், மறுமுனை இவர் இடுப்பில். யார் யாரைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்கள். ஒரு வரிசை முடியும், ஆணிகளைத் துப்புவார், இருவரும் கிளம்பித் தெருமுனை விளக்குக் கம்பம்வரை போவார்கள். பஞ்சு காலைத் தூக்கியதும், "ஆஹா! என் ராஜா! பிரமாதம்டா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கொண்டாடுவார். வெட்கமாவது ஒன்றாவது! புதிதாக வரும் சோபாக்களை வராந்தாவில் நிறுத்தி, துடைத்துக் காயவைத்த பிறகே உள்ளே விட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, மனைவியின் நாற்காலி ஒன்றைத் தவிர. கயிறு கொஞ்சம் தளர்ந்தால் போதும், பஞ்சு நேரே அங்கே போய் நிற்பான். குஷன்காரர் அதற்குப் புதுத் துணி போட்டார். மறுநாளே ஈரம். வேறு துணி போட்டார். அதிலும் ஈரம். மகள் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"நாறுதுங்க" என்றார் மனைவி.

"எனக்கு ஒண்ணும் வரலயே."

"உங்களுக்கு எதுதான் வந்திருக்கு? சார், நீங்க சொல்லுங்க."

நான் குனிந்து முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, நாறியது. மனைவி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தார். "துணிய மட்டும் மாத்துனா அழுக்கு உள்ள உக்காந்துக்கிட்டுச் சிரிக்கும்னு ஒருத்தர் ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவாரு. யாருன்னு ஞாபகம் இருக்குங்களா?"

குஷன்காரர் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு கத்தியை எடுத்து இருக்கையைக் கீறினார். உள்ளே ஸ்பாஞ்ச் முழுக்க மஞ்சளாகப் படம் வரைந்தாற்போல் பரவியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். "சொந்த வீட்டு வேலன்னா பாரேன், எனக்கே என் புத்தி வேலைக்கு ஆகல!" அன்றே ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டார். மரச்சட்டத்தை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, எல்லாம் புதிதாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். மனைவி குனிந்து முகர்ந்தார். "ம்ம்" என்றார்.

மகள் வருவதற்கு முந்தின நாள் மாலை நானும் கீழே இருந்தேன். குஷன்காரர் ஒரு நீளச் சோபாவின் ஓரத்தில் பாதி வரிசை அடித்திருந்தார், வாய் நிறைய ஆணி. மனைவி வந்து அவர் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். "எத்தன நாளைக்குக் கட்டிக்கிட்டே திரிவீங்க? பாத்துடுவோம்" என்றார்.

பஞ்சு எழுந்து சோம்பல் முறித்தான். சோபாவைச் சுற்றி வந்தான். அது பூனை வளர்க்கும் வீட்டுச் சோபா. எத்தனை துடைத்தாலும் அவன் மூக்குக்குத் தெரியாதா? அதன் ஒரு காலருகே நின்று முகர்ந்தான், முகர்ந்தான், பின்னங்கால் லேசாகத் தரையை விட்டுக் கிளம்பிற்று. நான் மூச்சு விடவில்லை. மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். குஷன்காரரின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "ம்ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

கால் கீழே இறங்கியது. பஞ்சு திரும்பி வாசலுக்கு நடந்தான். சாத்தியிருந்த தெருக்கதவுக்கு முன் நின்று எங்களைப் பார்த்து மெல்ல முனகினான். மனைவி ஓடிப்போய்த் திறந்தார். அவன் விளக்குக் கம்பத்தைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடினான்.

குஷன்காரர் இழுத்துப் பிடித்திருந்த துணியை விட்டார். அது சரசரவென்று தளர்ந்தது. வாயிலிருந்த அத்தனை ஆணியையும் உள்ளங்கையில் துப்பி மூடிக்கொண்டு, எழுந்து வாசலுக்கு ஓடினார். "என் ராஜா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.